தைராய்டு கட்டியில் குத்தும் ஊசி எவ்வளவு சரியாகச் சொல்லும்?

"கழுத்துக் கட்டிக்கு எஃப்.என்.ஏ.சி எடுத்துட்டு வாங்க" என்று மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அது எவ்வளவு கரெக்டா இருக்கும்?" என்பதுதான். தேடிப் பார்த்தால் 97 சதவீதம் என்று ஓரிடத்தில் இருக்கும், 50 சதவீதம் என்று இன்னோரிடத்தில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு எண்ணும் ஒரே ஆய்வுக் கட்டுரையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. இரண்டும் பொய்யில்லை. எஃப்.என்.ஏ.சி என்ற இந்த ஊசிப் பரிசோதனை 'புற்று உண்டு', 'புற்று இல்லை' என்று இரண்டே பதில் சொல்வதில்லை, ஆறு விதமாகப் பதில் சொல்கிறது. அவற்றில் சில பதில்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், சிலவற்றைப் பதில் என்றே எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் ரிப்போர்ட் எந்தப் பதில் என்று தெரியாமல் சதவீதத்தைக் கேட்பதில் பயனில்லை.

பேச்சுவழக்கில் இதை பயாப்சி என்கிறோம். ஆனால் இதில் சதைத் துண்டு எதையும் வெட்டி எடுப்பதில்லை. மெல்லிய ஊசி கட்டிக்குள் போய், சில நூறு செல்களைத் தளர்த்திக் கொண்டுவருகிறது. அவற்றைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். வருவது செல்கள் மட்டுமே, அவை உட்கார்ந்திருந்த கட்டமைப்பு வராது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

ஊசி 23 முதல் 27 கேஜ் வரை இருக்கும். கேஜ் எண் ஏற ஏற ஊசி மெலியும். 25 கேஜ் என்றால் வெளி விட்டம் சுமார் அரை மில்லிமீட்டர். ரத்தப் பரிசோதனைக்குக் கையில் குத்தும் 21, 22 கேஜ் ஊசிகள் இதைவிடத் தடிமன். 1930-ல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் மார்ட்டின், எல்லிஸ் இருவரும் ஊசிவழிப் பரிசோதனையை எழுதி வெளியிட்டபோது பயன்படுத்தியது 18 கேஜ் தடித்த ஊசி. மெல்லிய ஊசியை அன்றாட மருத்துவத்துக்குக் கொண்டுவந்தது, அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவர்கள்.

யாருக்கு ஊசி தேவை

தைராய்டில் கட்டி இருப்பது மிகச் சாதாரணம். தொட்டுப் பார்த்தால் தெரியும் அளவுக்குக் கட்டி இருப்பது பெண்களில் சுமார் 5 சதவீதம், ஆண்களில் சுமார் 1 சதவீதம். அதே மக்களை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் படுக்க வைத்தால் எண்ணிக்கை 19-லிருந்து 68 சதவீதம் வரை போகிறது. இவற்றில் புற்றாக இருப்பவை 7 முதல் 15 சதவீதம் என்பது அமெரிக்க தைராய்டு சங்கம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தரும் கணக்கு. ஆகவே ஸ்கேனில் தெரிந்த கட்டிக்கெல்லாம் ஊசி போடக் கூடாது. போட்டால் ஆபத்தில்லாத கட்டிகள் ஏராளமாக வலைக்குள் வரும், குழப்பமான ரிப்போர்ட்டுகள் பெருகும், தேவையற்ற அறுவை சிகிச்சையும் பெருகும்.

முதலில் டி.எஸ்.எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை. அது குறைவாக இருந்தால், கட்டியே ஹார்மோனைச் சுரந்து கொட்டுகிறதா என்று ஐசோடோப் ஸ்கேன் பார்ப்பார்கள். அப்படிச் 'சூடான' கட்டி என்று தெரிந்தால் அதில் புற்று இருப்பது அபூர்வம், பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. கர்ப்பிணிகளுக்கு இந்த ஐசோடோப் ஸ்கேன் கூடாது, ஊசிப் பரிசோதனை செய்யலாம்.

அடுத்து அல்ட்ராசவுண்ட். ஸ்கேன் ரிப்போர்ட்டில் டி.ஆர் 1 முதல் டி.ஆர் 5 வரை ஓர் எண் இருக்கும். 2017-ல் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி வகுத்த டைராட்ஸ் முறை அது. கட்டி திடமா நீரா, கறுப்பா வெளுப்பா, அகலத்தைவிட உயரம் அதிகமா, ஓரம் சீரா, உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். டி.ஆர் 5 என்றால் 1 செ.மீ-க்கு மேல், டி.ஆர் 4 என்றால் 1.5 செ.மீ-க்கு மேல், டி.ஆர் 3 என்றால் 2.5 செ.மீ-க்கு மேல் இருந்தால் ஊசி. டி.ஆர் 1, 2-க்கு ஊசியே வேண்டாம். 'பெரிய கட்டிதான் ஆபத்து' என்பது நம் எல்லோர் மனதிலும் ஊறிய எண்ணம். டைராட்ஸ் கணக்கில் கட்டியின் தோற்றம்தான் முதலில் வருகிறது, அளவு அதற்குப் பிறகுதான். இரண்டு பக்கமும் கட்டிகள் இருக்கும்போது ஊசி எதில் போக வேண்டும் என்பதும் இப்படித்தான் முடிவாகிறது. கைக்கு எட்டும் பெரிய கட்டியில் குத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் சந்தேகமான சிறிய கட்டியை விட்டுவிட்டால் ஸ்லைடு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

ஊசி உள்ளே போகும்போது

தோள்பட்டைக்கு அடியில் தலையணை வைத்து, கழுத்து பின்னால் சாயும்படி படுக்க வைப்பார்கள். ஊசி உள்ளே இருக்கும் அந்தச் சில விநாடிகள் பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கினால் தைராய்டு சுரப்பி மேலேறி இறங்கும், ஊசி நுனி இடம் மாறிவிடும். மரத்துப்போகும் மருந்து பல இடங்களில் போடுவதில்லை. அந்த மருந்தைச் செலுத்தவே ஒரு ஊசி வேண்டுமே!

எடுக்கும் முறை இரண்டு. ஒன்று, 10 மி.லி சிரிஞ்சின் பிஸ்டனை 1, 2 மி.லி இழுத்துப் பிடித்து உறிஞ்சுவது. மற்றது உறிஞ்சாமலே ஊசியை மட்டும் விரைவாக முன்னும் பின்னும் அசைத்து, நுண்குழாயில் நீர் ஏறுவதுபோல் செல்கள் தானாக ஏறும்படி விடுவது. தைராய்டு ரத்த ஓட்டம் மிகுந்த சுரப்பி. பலமாக உறிஞ்சினால் செல்லைவிட ரத்தம்தான் அதிகம் வரும். ஸ்லைடு முழுக்கச் சிவப்பணுக்கள் பரவி, நடுவே இரண்டு மூன்று தைராய்டு செல்கள் ஒளிந்துகிடக்கும். அதனால் முதல் குத்தில் உறிஞ்சாமல் எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். உறிஞ்சி எடுப்பவர் ஊசியை வெளியே எடுக்கும் முன் பிஸ்டனைத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்தாவிட்டால் செல்கள் சிரிஞ்சுக்குள் தெறித்து ஒட்டிக்கொள்ளும், ஸ்லைடுக்கு வராது.

ஒவ்வொரு குத்தும் ஐந்து பத்து விநாடிதான். நேரம் நீண்டால் ரத்தம் கூடும், உறையும். பொதுவாக இரண்டு முதல் ஐந்து குத்து வரை எடுப்பார்கள், ஒவ்வொன்றும் கட்டியின் வேறு வேறு மூலையிலிருந்து. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது கிளறிவிட்ட பானைக்குச் சரி. கட்டியை யாரும் கிளறி வைப்பதில்லை. ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் பழைய ரத்தம், ஓர் ஓரத்தில் மட்டும் புற்று என்று இருக்கலாம். ஆகவே ஊசி நுனி எங்கே நிற்கிறது என்பதை ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே குத்துவது முக்கியம். கையால் தடவிப் பார்த்துக் குத்தும் பழைய முறையில் போதிய செல் வராமல் போவதும், கட்டிக்குப் பக்கத்தில் குத்திவிடுவதும் அதிகம். ஊசி மூச்சுக்குழாயைத் தொட்டுவிட்டால் நோயாளிக்கு இருமல் வரும். ஸ்லைடில் தைராய்டு செல்லுக்குப் பதிலாக, மயிரிழை போன்ற நீட்சிகளுடன் மூச்சுக்குழாய்ச் செல்கள் வந்து நிற்கும்.

நீர் நிறைந்த கட்டியில் நடக்கும் தவறு தனி. நீரை உறிஞ்சியதும் கட்டி சுருங்கிவிடும், எல்லோருக்கும் நிம்மதி, அதோடு முடித்துவிடுவார்கள். அந்த நீரில் பெரும்பாலும் துப்புரவு செய்யும் மேக்ரோபேஜ் செல்கள்தான் மிதக்கும். பார்க்க வேண்டிய இடம் சுவரில் ஒட்டியிருக்கும் திடப் பகுதி. நீர் வடிந்த பிறகு அந்தத் திடப் பகுதிக்குள் மறுபடி ஊசி போக வேண்டும். நீர் பழுப்பாக, சாக்லேட் நிறத்தில் வந்தால் பழைய ரத்தம். பளிங்குபோல் தெளிவாக வந்தால் அது தைராய்டே இல்லாமல் பக்கத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியின் நீர்க்கட்டியாக இருக்கலாம். அந்த நீரிலேயே பாராதைராய்டு ஹார்மோன் அளந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

முட்டை ஓடுபோலச் சுண்ணாம்பு சூழ்ந்த கட்டிக்குள் மெல்லிய ஊசி நுழையவே மறுக்கும். அங்கே வெறும் ஸ்லைடு வந்தால் எடுத்தவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஸ்லைடில் கெட்டுப்போவது

நன்றாக எடுத்த செல்லையும் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடலாம். தடவிய ஸ்லைடுகளில் ஒன்றைக் காற்றில் உலர்த்தி கீம்சா வகைச் சாயம் ஏற்றுவார்கள். இன்னொன்றை ஈரம் காயும் முன்பே 95 சதவீத ஆல்கஹாலில் முக்கி பாப் சாயம் ஏற்றுவார்கள். ஆல்கஹாலில் போக வேண்டிய ஸ்லைடு சில விநாடி தாமதித்து பாதி காய்ந்துவிட்டால், செல்லின் உட்கரு ஊதி வெளிறிப்போகும். தைராய்டு புற்றில் மிகப் பரவலான வகையான பாப்பிலரி புற்றின் அடையாளங்களில் ஒன்றும் பெரிதாகி வெளிறிய உட்கருதான். அதாவது, ஆல்கஹால் ஜாடி கைக்கு எட்டாத தூரத்தில் இருந்த குற்றத்துக்கு ரிப்போர்ட்டில் 'சந்தேகம்' விழும். அழுத்தித் தேய்த்தால் உட்கரு நசுங்கி இழை இழையாக நீளும். தோலில் தடவிய ஸ்கேன் ஜெல் ஊசியில் ஒட்டி ஸ்லைடுக்கு வந்தால், சாயம் ஏறியபின் திட்டுத்திட்டாகப் படிந்து செல்களை மறைக்கும். குத்தும் இடத்தில் ஜெல்லைத் துடைத்துவிட்டுக் குத்துவது அதனால்தான்.

சில இடங்களில் செல்களைப் பார்த்து நோய் சொல்லும் சைட்டாலஜி படித்த மருத்துவர் பக்கத்திலேயே மைக்ராஸ்கோப் வைத்து, முதல் ஸ்லைடை அங்கேயே பார்த்து, போதுமா போதாதா என்று சொல்வார். போதாது என்றால் அப்போதே இன்னொரு குத்து. நோயாளி இன்னொரு நாள் வர வேண்டியதில்லை.

எவ்வளவு இருந்தால் போதும்? குறைந்தது ஆறு கொத்துகள், ஒவ்வொரு கொத்திலும் குறைந்தது பத்து ஃபாலிக்குலர் செல்கள் (தைராய்டின் முக்கியச் செல்கள்), அவை சிதையாமல், தெளிவாகத் தெரியும்படி. விதிவிலக்கு உண்டு. தைராய்டு தன் ஹார்மோனைச் சேமித்து வைக்கும் பசைபோன்ற கொலாய்டு ஏராளமாக வந்திருந்தால் செல் குறைந்தாலும் ஆபத்தில்லாத கட்டி என்று சொல்லலாம். சந்தேகமான செல் ஒன்றிரண்டு தெரிந்தாலும் எண்ணிக்கை பார்க்காமல் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பெதஸ்தா: ஆறு பெட்டிகள்

2007-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெதஸ்தா என்ற ஊரில் கூடிய மாநாட்டில் பிறந்தது, ஊசி ரிப்போர்ட்டை ஆறாகப் பிரிக்கும் இந்த வகைப்பாடு. மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும், புற்றாக இருக்கும் வாய்ப்பின் சராசரியை அது தருகிறது.

வகை 1: போதிய செல் இல்லை. 13 சதவீதம்.
வகை 2: தீங்கற்றது. 4 சதவீதம்.
வகை 3: செல்லில் ஏதோ மாறுபாடு, என்னவென்று உறுதியில்லை. 22 சதவீதம்.
வகை 4: ஃபாலிக்குலர் கட்டி. 30 சதவீதம்.
வகை 5: புற்று என்று பலத்த சந்தேகம். 74 சதவீதம்.
வகை 6: புற்று. 97 சதவீதம்.

பிரிட்டனில் படித்த மருத்துவர் கையெழுத்திட்டிருந்தால் தை 1 முதல் தை 5 வரை வேறு எண் இருக்கும். உள்ளடக்கம் ஏறத்தாழ இதேதான், ஆனால் எண்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்கேனில் வரும் டி.ஆர் எண்ணும் இதுவும் ஒன்றல்ல. டி.ஆர் 4 என்பதைப் பார்த்து பெதஸ்தா 4 என்று பயந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

வகை 1-ஐ 'நார்மல்' என்று படிப்பதுதான் ஆகப்பெரிய தவறு. விடைத்தாளே வரவில்லை என்று அர்த்தம், பாஸ் என்று அர்த்தமில்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே மறுபடி எடுத்தால் 60 முதல் 80 சதவீதம் பேருக்குத் தெளிவான விடை கிடைத்துவிடுகிறது.

வகை 2-க்கு எதிரே உள்ள 4 சதவீதத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். அது அறுவை சிகிச்சைக்குப் போனவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. தீங்கற்றது என்று ரிப்போர்ட் வந்தபிறகும் ஏன் ஒருவர் அறுவைக்குப் போகிறார்? கட்டி வளர்ந்துகொண்டே போயிருக்கும், அல்லது ஸ்கேனில் தோற்றம் மோசமாக இருந்திருக்கும். ஏற்கெனவே சந்தேகத்துக்குரியவர்களைப் பொறுக்கி எடுத்துக் கணக்குப் போட்டால் எண் கூடத்தான் செய்யும். அறுவை செய்யாமல் பல ஆண்டு கவனித்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 1 முதல் 2 சதவீதம் என்பதே பொருத்தமான மதிப்பீடு.

வேலி தாண்டியதா இல்லையா

வகை 4-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தப் பரிசோதனையின் எல்லை இங்கேதான் தெரிகிறது.

பாப்பிலரி புற்றுக்கு முகத்திலேயே அடையாளம் இருக்கிறது. காப்பிக் கொட்டையில் இருப்பதுபோல உட்கருவின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம், உட்கருவுக்குள் குமிழிபோல் புகுந்த செல்பொருள், பவுடர் தூவியதுபோல வெளிறிய நிறம். செல்களைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிட முடிகிறது. தைராய்டு புற்றுகளில் மிகப் பெரும்பான்மை பாப்பிலரி வகை என்பதால், இந்த ஊசியின் நற்பெயரும் பெரும்பாலும் இதனால் வந்ததுதான்.

ஃபாலிக்குலர் வகை அப்படியில்லை. ஃபாலிக்குலர் அடினோமா என்ற தீங்கற்ற கட்டியின் செல்லும், ஃபாலிக்குலர் புற்றின் செல்லும் மைக்ராஸ்கோப்பில் ஒரே முகம். வித்தியாசம் செல்லில் இல்லை. கட்டியைச் சுற்றியுள்ள உறையைச் செல்கள் துளைத்து வெளியேறினவா, ரத்தக் குழாய்க்குள் புகுந்தனவா என்பதில்தான் இருக்கிறது. வயலின் நடுவில் நின்று ஒரு பிடி கதிரைப் பறித்து வந்து, 'வேலி உடைந்திருக்கிறதா' என்று கேட்டால் யார் சொல்ல முடியும்? வேலியை முழுச் சுற்றும் நடந்து பார்க்க வேண்டும். அதற்குக் கட்டியை உறையோடு வெளியே எடுத்து, பல துண்டுகளாக வெட்டிப் பார்ப்பது ஒன்றே வழி. ஆகவே 'ஃபாலிக்குலர் நியோப்ளாசம்' என்று ரிப்போர்ட் வந்தால் ஆய்வுக்கூடத்தின் திறமைக் குறைவு என்று எண்ண வேண்டாம். எத்தனை ஊசி குத்தினாலும், எந்த ஊர் மருத்துவர் பார்த்தாலும், செல்லில் இல்லாத தகவலைச் செல்லிலிருந்து எடுக்க முடியாது. 18 கேஜ் தடித்த ஊசியால் சதைத் துண்டு எடுக்கும் கோர் பயாப்சியும் வேலியின் ஒரு கஜத்தைத்தான் காட்டும். போதிய செல் வராமல் போகும் சிக்கலுக்கு அது உதவும், இதற்கு அவ்வளவாக உதவாது.

பெரும்பாலும் இவர்களுக்கு ஒரு பக்கத் தைராய்டை மட்டும் எடுத்து, அதை ஆய்வு செய்து, பிறகு முடிவு செய்கிறார்கள். அப்படி எடுத்தவர்களில் பத்தில் ஏழு பேருக்குப் புற்றில்லை என்றுதான் வருகிறது. அந்த ஏழு பேரின் அறுவையை 'தேவையில்லாதது' என்று சிலர் எழுதுகிறார்கள். விடை தெரிந்தபின் சொல்வது எளிது.

97-ம் 50-ம் எப்படி ஒன்றாக வந்தன

இப்போது தொடக்கத்தில் சொன்ன கட்டுரைக்கு வரலாம். 2012-ல் போஞ்சியொவான்னி குழுவினர் 25,445 ஊசிப் பரிசோதனைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஆறு பெட்டிகளில் அவை விழுந்த விதம்: வகை 1-ல் 12.9 சதவீதம், வகை 2-ல் 59.3, வகை 3-ல் 9.6, வகை 4-ல் 10.1, வகை 5-ல் 2.7, வகை 6-ல் 5.4.

வகை 2-ஐயும் 6-ஐயும் கூட்டிப் பாருங்கள். நூறு பேரில் சுமார் 65 பேருக்குத்தான் தெளிவான பதில். மீதி 35 பேர் 'மறுபடி எடு', 'பார்க்கலாம்', 'வெளியே எடுத்துப் பார்க்கலாம்' என்று ஏதோ ஒரு வரிசையில் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால், துல்லியம் பற்றிய எல்லா எண்களையும்விட நோயாளிக்கு முதலில் சொல்ல வேண்டியது இந்த 65-35 கணக்குதான்.

அதே கட்டுரையில், புற்று உள்ளவர்களைப் பிடிக்கும் திறன் 97 சதவீதம். புற்று இல்லாதவர்களை 'இல்லை' என்று விடுவிக்கும் திறன் 50.7 சதவீதம். இரண்டாவது எண் ஏன் இவ்வளவு சரிந்தது? அறுவைக்குப் போகும் வகை 4-ஐயும் 'பாசிட்டிவ்' பக்கம் சேர்த்து எண்ணினால், அதில் இருக்கும் தீங்கற்ற கட்டிகள் எல்லாம் தவறான குற்றச்சாட்டாகக் கணக்கில் ஏறும். நடுப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு எண்ணினால் இந்த எண் தொண்ணூறைத் தாண்டும். இன்னொன்று, கணக்கில் வருவது அறுவை செய்தவர்கள் மட்டும், அதாவது நான்கில் ஒரு பங்கு. 'தீங்கற்றது' என்று கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன ஆயிரக்கணக்கானோர் சரியாக விடுவிக்கப்பட்டவர்கள்தாம், ஆனால் கணக்கில் அவர்கள் இல்லை.

இரு முனைகளை மட்டும் பார்த்தால் படம் மாறுகிறது. தீங்கற்றது என்று சொல்லி அறுவையில் புற்றாகத் தெரிந்தது 3.7 சதவீதம். புற்று என்று சொல்லி அறுவையில் இல்லை என்று தெரிந்தது 1.4 சதவீதம்.

தவறுவது எங்கே

புற்றைத் தவறவிடுவதற்கு முதல் காரணம் ஊசி சரியான இடத்துக்குப் போகாததுதான். தவறான கட்டி, கட்டியின் தவறான பகுதி, நீர்க்கட்டியின் நீரோடு நிறுத்திக்கொள்வது. மெடுல்லரி புற்று இன்னொரு குழி. அதன் செல்கள் பல வேடம் போடும். செல்லை மட்டும் பார்த்து அதைச் சரியாகச் சொல்வது பாதிக்குச் சற்று மேல்தான் நடக்கிறது. சந்தேகம் வந்தால், ஊசியைக் கழுவிய உப்புநீரில் அந்தப் புற்று சுரக்கும் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனை அளந்தால் பிடிபட்டுவிடும். கழுத்து நெறிக்கட்டியில் எடுக்கும்போது, இதேபோல் கழுவிய நீரில் தைரோகுளோபுலின் அளப்பார்கள். நெறிக்கட்டியில் தைராய்டு புரதத்துக்கு என்ன வேலை என்ற எளிய கேள்விதான் அதன் அடிப்படை.

இல்லாத புற்றை இருப்பதாகச் சந்தேகிக்க வைப்பதில் முதலிடம் ஹாஷிமோட்டோ தைராய்டிட்டிஸுக்கு. அந்த அழற்சியில் செல்கள் பெருத்து, உட்கரு ஒழுங்கு குலைந்து நிற்கும். சாயம் சரியில்லாத ஸ்லைடில் அது பாப்பிலரி போலவே மிரட்டும். ரத்தத்தில் டி.பி.ஓ எதிர்ப்பொருள் அதிகம் என்றோ, ஹாஷிமோட்டோ என்றோ முன்பே தெரிந்தால் ஸ்லைடு பார்ப்பவருக்குச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். எடுக்கும் மருந்துகள், முன்பு கழுத்தில் கதிர்வீச்சு பெற்றது, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்று இருந்தது, எல்லாமே அந்தச் சீட்டில் இருக்க வேண்டியவை. 'கழுத்துக் கட்டி' என்று இரண்டு சொல் மட்டும் எழுதி அனுப்பினால் வரும் ரிப்போர்ட்டும் அந்த அளவில்தான் இருக்கும்.

பார்க்கும் கண்ணும் ஒரு காரணம். 2013-ல் வந்த ஓர் ஆய்வில் ஒரே ஸ்லைடுக்கு இரண்டு நிபுணர்கள் ஒரே வகையைச் சொன்னது 64 சதவீதம். அதே நிபுணர் அதே ஸ்லைடை மறுபடி பார்த்தபோது தன்னுடனேயே ஒத்துப்போனது சுமார் 75 சதவீதம். இந்த இழுபறி பெரும்பாலும் 3-ஆம் வகையைச் சுற்றித்தான். அதனால்தான் ஓர் ஆய்வுக்கூடம் தரும் மொத்த ரிப்போர்ட்டுகளில் வகை 3 பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். தயங்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியில் போட்டுவிடும் பழக்கத்துக்குக் கடிவாளம்.

2016-க்குப் பிறகு வந்த குழப்பம் ஒன்றும் உண்டு. பாப்பிலரி புற்றில் உறைக்குள்ளேயே அடங்கி, எங்கும் பரவாத ஒரு வகைக்குப் பெயரிலிருந்து 'புற்று' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். நிஃப்ட்பி என்பது புதிய பெயர். பழைய கணக்கில் 'சரியாகப் பிடித்த புற்று' என்றிருந்தது புதிய கணக்கில் 'தவறான குற்றச்சாட்டு' ஆகிவிடுகிறது. ஊசியும் ஸ்லைடும் மாறவில்லை, அகராதி மாறியது. இரண்டு ஆண்டுகளின் சதவீதங்களை ஒப்பிடும்போது இதையும் பார்க்க வேண்டும்.

"ஊசி குத்தினா பரவிடும்" என்று உறவினர் யாராவது நிச்சயம் சொல்வார்கள். இவ்வளவு மெல்லிய ஊசி போன பாதையில் தைராய்டு புற்று முளைத்தது மிக மிக அபூர்வம். நடைமுறையில் வருவது லேசான வலியும் ரத்தக்கட்டும்தான். குத்திய இடத்தை ஐந்து பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் அதுவும் வராது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், தானாக நிறுத்திவிட்டு வராதீர்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும்

மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: பெதஸ்தா எண், போதிய செல் இருந்ததா என்ற வரி, எந்தக் கட்டியில் எடுத்தது என்ற குறிப்பு. 'கொலாய்டு காய்ட்டர்', 'லிம்ஃபோசைட்டிக் தைராய்டிட்டிஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டும் பொதுவாக வகை 2-ல் வருபவை. ஆனாலும் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிறகு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா? டி.ஆர் 3, பெதஸ்தா 2 என்றால் ஒத்துப்போகிறது. ஓரிரு ஆண்டில் ஒரு ஸ்கேன் போதும். டி.ஆர் 5, பெதஸ்தா 2 என்றால் ஒத்துப்போகவில்லை. ஓராண்டுக்குள் ஸ்கேனும் ஊசியும் மறுபடி வேண்டும். இரண்டு முறை எடுத்து இரண்டும் தீங்கற்றது என்று வந்தால், அந்தக் கட்டியில் புற்று இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கட்டி 'வளர்ந்திருக்கிறது' என்று சொல்லவும் அளவு உண்டு. குறைந்தது இரண்டு திசையில் 20 சதவீதமும், அதோடு 2 மி.மீ-யும் கூடியிருக்க வேண்டும், அல்லது கன அளவு பாதிக்கு மேல் கூடியிருக்க வேண்டும். 14 மி.மீ இருந்தது 15 ஆனால் அது ஸ்கேன் எடுத்தவரின் கை வித்தியாசம்.

வகை 3 வந்தால் அவசரம் வேண்டாம். மறுபடி எடுக்கும்போது கணிசமானோர் வகை 2-க்கு இறங்கிவிடுகிறார்கள். செல்லின் மரபணுவைப் பார்க்கும் அஃபிர்மா, தைரோசெக் போன்ற பரிசோதனைகள் அமெரிக்காவில் இதற்காகவே வந்தவை. புற்று இல்லை என்று ஒதுக்க உதவும், விலை அதிகம். வகை 6 வந்து கட்டி 1 செ.மீ-க்குக் குறைவாக, நெறிக்கட்டு இல்லாமல் இருந்தால், எல்லோருக்கும் உடனே கத்தி என்றும் இல்லை. ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை 1993 முதல் அப்படிப்பட்டவர்களில் பொருத்தமானவர்களை அறுவை செய்யாமல் ஸ்கேனில் கவனித்துவருகிறது.

இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதாக இருந்தால் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போவதில் அர்த்தமில்லை. அவர் பார்க்க வேண்டியது செல்லை, முதல் மருத்துவரின் வாக்கியத்தை அல்ல. ஆய்வுக்கூடத்தில் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளை வாங்குங்கள், கீம்சா, பாப் இரண்டுமே. எண்ணும் பெயரும் ஒவ்வொரு ஸ்லைடிலும் இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். பிளாஸ்டிக் ஸ்லைடு டப்பாவில் வைத்து, ஸ்கேன் படத்தோடு கொண்டுபோங்கள். பார்த்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஊசியால் எடுத்த ஸ்லைடுக்கு நகல் கிடையாது, உடைந்தால் மறுபடி குத்துவதைத் தவிர வழியில்லை.